கடனைத் தேடித் தீர்த்த கூலித் தொழிலாளி



சம்பளம் கைக்கு வந்த மூன்றாம் நாளே அது எங்கே போயிற்று என்று தெரியாமல் திகைத்து நிற்கும் இளைஞர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுள் சிலர் நம் பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும். மாத முடிவிலே நண்பனிடம் கைமாற்று, அடுத்த மாதம் அந்தக் கைமாற்றைத் தீர்க்க வேறொருவரிடம் கடன், அதற்கு அடுத்த மாதம் தாயின் சங்கிலி அடகுக் கடைக்கு. இப்படியே தொடங்கி, ஒரு குடும்பத்தின் நிம்மதியையே விழுங்கிவிடும் துன்பத்தை நீங்கள் கண்ணாரக் கண்டிருப்பீர்கள்.

இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புவது அத்தகையதோர் இளைஞரின் வரலாறு. அவர் அரசரல்லர், ஆயரல்லர், குருவானவருமல்லர். மரக்காலையிலே பலகை சுமந்த சாதாரண கூலித் தொழிலாளி. 28 வயது வரை குடிகாரராகவும் கடன்காரராகவும் வாழ்ந்தவர். அதன் பின்னர், தாம் பட்ட கடன்களைத் தேடித் தேடித் தீர்த்தவர். அயர்லாந்து நாட்டுத் தலைநகரான டப்ளினில் பிறந்து, அந்நகர வீதியொன்றிலேயே விழுந்து உயிர் நீத்த மற் டால்பொட் என்பவரே அவர்.

1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, வறிய கத்தோலிக்கக் குடும்பமொன்றிலே பன்னிரண்டு பிள்ளைகளுள் இரண்டாமவராக அவர் பிறந்தார். தந்தை சாள்ஸ் டால்பொட் துறைமுகப் பகுதியிலே வேலை செய்தவர், மதுவுக்கு அடிமையானவர். தாய் எலிசபெத் பக்தியும் பொறுமையும் நிறைந்தவர். கணவர் குடித்து மீதமானதைக் கொண்டு இத்தனை பிள்ளைகளுக்கும் உணவு தேடிய அந்தத் தாயின் பாடு எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. வாடகை கொடுக்க முடியாமல் வீடு விட்டு வீடு மாறிய குடும்பம் அது.

மற் பாடசாலைக்குச் சென்ற காலம் சொற்பம். சென்ற காலத்திலும் வகுப்பிலே இருந்த நாள்களை விட ஒளித்துத் திரிந்த நாள்களே அதிகம். 12 வயதிலே படிப்பை விட்டு, மது வகைகளைப் போத்தல்களில் அடைத்து விற்கும் நிறுவனமொன்றிலே வேலைக்குச் சேர்ந்தார். போத்தல்களின் அடியிலே மிஞ்சியதைச் சுவைத்துப் பார்ப்பதிலே தொடங்கிய பழக்கம், ஓராண்டுக்குள் அந்தச் சிறுவனைக் குடிகாரனாக்கியது. தந்தை கண்டித்தார், அடித்தார், தாம் வேலை செய்த துறைமுகப் பண்டகசாலைக்கே மகனை அழைத்துச் சென்று தம் கண் முன்னே வைத்துக்கொண்டார். ஆனால் அங்கே களஞ்சியப்படுத்தப்பட்டிருந்ததோ விஸ்கி! பியர் குடித்த சிறுவன் விஸ்கி குடிக்கப் பழகினான். தானே குடித்துக்கொண்டு பிள்ளையைக் குடிக்காதே என்று சொல்லும் தந்தையின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதைப் பெற்றோராகிய நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

பின்னர் மற் கட்டடங்களுக்குச் செங்கல்லும் சாந்தும் சுமக்கும் வேலைக்குப் போனார். அவர் சோம்பேறியல்லர் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அவருடைய வேலையைப் பற்றி எவரும் குறை கூறியதில்லை. உடல் உறுதியும் உழைப்பும் நிறைந்தவர். உழைப்புக்கு ஏற்ற கூலியும் பெற்றவர். அவருக்குக் குறைவாயிருந்தது வருமானமல்ல. வருமானத்தை ஆளும் திறனே இல்லாதிருந்தது. அவர் பணத்தை ஆளவில்லை. தவறணையே அவரையும் அவருடைய பணத்தையும் ஆண்டது.

சனிக்கிழமைகளிலே கூலி கிடைக்கும். கிடைத்த கூலியை அப்படியே தவறணைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அது தீரும் வரை குடிப்பார். தாயின் கைக்கு வந்ததோ சில்லறைக் காசு மாத்திரமே. வாரத்தின் நடுவிலே பணம் தீர்ந்ததும் கடனுக்குக் குடிப்பார். கடனும் கிடைக்காத வேளையிலே தவறணைக்கு வெளியே குதிரைகளைப் பிடித்து நின்று கிடைக்கும் சில்லறையிலே குடிப்பார். அதுவும் இல்லையென்றால் காலிலே கிடந்த சப்பாத்தையும் உடம்பிலே கிடந்த சட்டையையும் அடகு வைத்துக் குடிப்பார். வெறுங்காலுடன் வீடு திரும்பிய நாள்களும் உண்டு.

அவரிடம் ஒரு தாராளமும் இருந்தது. கையிலே பணம் இருக்கும் பொழுது தாம் மட்டும் குடிப்பவரல்லர். கூட நின்றவர்கள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பார். ஆகையால் அவரைச் சுற்றி எப்பொழுதும் ஒரு கூட்டம் இருந்தது. அவர்களைத் தம் நண்பர்கள் என்று அவர் நம்பினார்.

இந்தக் காலத்திலே நடந்த ஒரு செயல் அவருடைய மனத்தை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. தெருவிலே வயலின் வாசித்துப் பிழைத்த ஏழை ஒருவர் இருந்தார். ஒரு நாள் மற்றும் அவருடைய கூட்டாளிகளும் குடிக்கப் பணமில்லாதபோது அந்த ஏழையின் வயலினைத் திருடி விற்று, அந்தப் பணத்திலே குடித்துவிட்டார்கள். அந்த வயலின் அவருடைய ஒரே பிழைப்பு. அதைப் பறித்தது அவருடைய வாயிலே இருந்த உணவைப் பறித்ததற்கு ஒப்பாகும். கடன் என்பது பணத்தோடு நிற்பதில்லை, அன்பர்களே. அது முதலிலே வெட்கத்தைத் தின்னும். பின்பு உண்மையைத் தின்னும். இறுதியிலே பிறருடைய சொத்துக்கும் கை நீட்டச் செய்யும்.

1884ஆம் ஆண்டு வந்தது. மற்றுக்கு 28 வயது. குடியின் காரணமாக அந்த வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆகவே கூலியும் இல்லை. சனிக்கிழமை நண்பகலிலே, தொழிலாளர் கூலி வாங்கிக்கொண்டு வரும் நேரம் பார்த்து, வழக்கமான தவறணைக்கு அருகே தெருமுனையிலே போய் நின்றார். இத்தனை காலமும் தம் பணத்திலே குடித்தவர்கள் இன்று தம்மை உள்ளே அழைப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

அவர்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் தலையசைத்தார்கள், சிலர் நலம் விசாரித்தார்கள், எல்லோரும் உள்ளே சென்றார்கள். ஒருவராவது அவரை அழைக்கவில்லை.

மதுவுக்கான தாகத்தை விட அந்த அவமானமே அவரை ஆழமாகச் சுட்டது. பணம் இருக்கும் பொழுது சூழ்ந்து நின்றவர்கள் யாருக்காக நின்றார்கள் என்பது அன்று அவருக்கு விளங்கியது. ஊதாரி மைந்தனுடைய உவமையை நாம் எத்தனையோ தடவை திருப்பலியிலே கேட்டிருக்கிறோம். பஞ்சம் வந்த பொழுது அந்த மைந்தனுக்கு உணவு கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அப்பொழுதே அவன் அறிவு தெளிந்து தந்தையின் வீட்டை நினைத்தான். டப்ளின் தெருமுனையிலே நின்ற இந்த மைந்தனுக்கும் அந்த நேரம் வாய்த்தது.

அவர் வீட்டுக்குத் திரும்பினார். சனிக்கிழமை பட்டப்பகலிலே வெறியின்றி வீடு வந்த மகனைக் கண்டு தாய் ஆச்சரியப்பட்டார். உணவருந்திய பின், இனிமேல் குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுக்கப் போவதாக மகன் கூறினார். காப்பாற்றும் எண்ணமில்லையென்றால் வாக்குறுதி எடுக்கவேண்டாம் என்று தாய் அறிவுறுத்தினார். ஆயினும் கடவுளுடைய பெயரைச் சொல்லி ஆசீர்வதித்தே மகனை அனுப்பினார். மற் நேரே கிளொன்லிப் என்னும் இடத்திலிருந்த திருச்சிலுவைக் குருமடத்துக்குச் சென்று, நெடுங்காலத்தின் பின் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதங்களுக்கு மதுவைத் தொடுவதில்லை என்று வாக்குறுதி கொடுத்தார்.

மூன்றே மாதங்கள் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். வாழ்நாள் முழுவதற்கும் வாக்களித்துவிட்டு மறுவாரமே மீறும் வழக்கம் மனிதரிடையே அதிகம். அவரோ தம்மால் இயலக்கூடியதை மாத்திரம் ஏற்றார். மூன்று மாதங்கள் முடிந்ததும் அதனை நீடித்தார். இறுதியிலே அதனை ஆயுட்கால வாக்குறுதியாக்கினார். அன்று தொடங்கி இறக்கும் வரை, ஏறக்குறைய 41 ஆண்டுகள், ஒரு துளி மதுவையும் அவர் தொடவில்லை.

அந்த முதல் மூன்று மாதங்கள் எளிதாகக் கழியவில்லை. வேலை முடிந்த மாலை வேளைகளிலே பழைய கூட்டாளிகளைத் தவிர்ப்பதற்காகத் தெருத்தெருவாக நடப்பார். களைத்ததும் ஆலயமொன்றினுள் நுழைந்து நற்கருணை நாதர் முன் முழந்தாட்படியிடுவார். வேலைக்குப் போகுமுன் அதிகாலைத் திருப்பலி காண்பதை அந்த நாள்களிலேதான் வழக்கமாக்கினார். ஒரு மாலை சோதனை மேலிட்டு, தவறணையொன்றினுள் நுழைந்தும்விட்டார். உள்ளே இருந்த பணியாளர் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தமையால் இவரை நோக்கி வரவில்லை. சற்று நேரம் நின்றவர் சட்டென்று வெளியேறி, அருகிலிருந்த ஆலயத்துக்கு விரைந்தார். அன்று அவர் ஒரு தீர்மானம் செய்தார். வெளியே செல்லும் பொழுது சட்டைப்பையிலே பணம் கொண்டு செல்வதில்லை என்பதே அது.

இத்தீர்மானத்திலே அரியதொரு விவேகம் இருக்கிறது. அவர் தம்முடைய மனவுறுதியை நம்பவில்லை. தம்முடைய பலவீனத்தை நன்கு அறிந்திருந்தார். ஆகவே சோதனைக்கும் தமக்கும் இடையிலே ஒரு வேலியை எழுப்பினார். கையிலே இல்லாத பணத்தைச் செலவழிக்க முடியாதல்லவா?

குடியை விட்டாயிற்று. கடன்கள்? கடந்த காலத்தை மறந்துவிட்டுப் புதிய வாழ்வு தொடங்கிவிட்டதாக அவர் சொல்லியிருக்கலாம். தவறணைக்காரர்கள் அந்தச் சிறு கடன்களை என்றோ கைவிட்டிருப்பார்கள். ஆனால் மற் அவ்வாறு நினைக்கவில்லை. பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. பட்ட கடனோ இன்னும் நின்றது. எந்தெந்தத் தவறணையிலே கடனுக்குக் குடித்தோம் என்பதை நினைவுபடுத்தி, தம் கூலியிலே சேமித்து, ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கினார். எந்த வாசலைக் கண்டு அஞ்சி ஓடினாரோ அதே வாசலுக்குப் போகவேண்டியிருந்தது. பணத்தை உறையிலே இட்டுக் கொண்டுபோய், உரியவர் கையிலே கொடுத்துவிட்டு, ஒரு நிமிடமும் தாமதியாமல் திரும்பிவிடுவார். இப்படியே படிப்படியாக எல்லாக் கடன்களும் தீர்ந்தன.

வயலின் கடன் மாத்திரம் தீரவில்லை. அந்த ஏழை வாத்தியக்காரரை டப்ளின் நகரெங்கும் தேடினார். விசாரித்தார். பல காலம் தேடியும் அவரைக் காணமுடியவில்லை. ஆகவே அந்த வயலினுக்குரிய பணத்தை ஆலயத்திலே கொடுத்து, அந்த மனிதருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். சில கடன்களைக் காலம் கடந்தபின் உரியவரிடம் கொடுக்க இயலாது என்பது எவ்வளவு வேதனையான உண்மை! சக்கேயு ஆண்டவரைத் தம் வீட்டிலே வரவேற்ற அன்றே, தாம் ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். மனமாற்றம் உண்மையானதா என்பதைப் பணப்பையும் காட்டும் என்பதற்கு அவரும் சாட்சி, இவரும் சாட்சி.

கடன் தீர்ந்த பின் அவருடைய கூலி எங்கே போயிற்று? செங்கல் சுமந்த பின்னர், டப்ளினிலே பெயர் பெற்ற மார்ட்டின் மரக்காலையிலே அவர் நெடுங்காலம் வேலை செய்தார். கூலியிலே வீட்டு வாடகையும், தாயின் தேவையும், தம் எளிய உணவும் போக மீதி பிறருக்கே. பெரிய குடும்பமுள்ள சக தொழிலாளி சப்பாத்து வாங்கவோ வாடகை கட்டவோ இயலாமல் தவித்தால் அவருக்கு உதவுவார். 1913ஆம் ஆண்டு டப்ளின் நகரையே உலுக்கிய தொழிலாளர் போராட்டத்திலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினியால் வாடின. அத்தகைய காலங்களிலே தமக்குக் கிடைத்த உதவிப் பணத்தையும் பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கு அவர் பகிர்ந்தளித்ததாகச் சக தொழிலாளர் பின்னர் சாட்சி பகர்ந்தனர். பணம் இருந்தபோது ஊருக்கெல்லாம் மது வாங்கிக் கொடுத்த அதே தாராள மனம்தான் இது. முன்பு அது வீணாயிற்று. இப்பொழுது அது பசித்தவருக்கு அப்பமாயிற்று. இறைவன் நமது இயல்பை அழிப்பதில்லை, நேராக்குகிறார்.

பாடசாலையை விட்டோடிய அவர் நடுவயதிலே எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி, புனித அகுஸ்தீனாருடைய நூல்களையும் புனிதர்களின் வரலாறுகளையும் வாசித்தார். 1890ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையிலே சேர்ந்தார். மரப்பலகையிலே படுத்து, மரக்கட்டையைத் தலையணையாக வைத்து, அதிகாலையிலே எழுந்து செபிப்பார். இவற்றையெல்லாம் அவர் மறைவிலேயே செய்தமையால், கூட வேலை செய்தவர்கள் அவரைச் சிரித்த முகமுடைய அமைதியான மனிதராக மட்டுமே அறிந்திருந்தனர்.

தம்முடன் வாழ்ந்த தாயை அவர் இறுதிவரை பராமரித்தார். மகனுடைய கூலியிலே சில்லறை மட்டுமே கண்ட அந்தத் தாய், 1915ஆம் ஆண்டு இறக்கும் வரை அவருடைய அன்பின் நிழலிலே வாழ்ந்தார். ஒரு தாய்க்குத் தீர்க்கவேண்டிய கடனை முழுமையாகத் தீர்க்க எவராலும் இயலாது. ஆயினும் தீர்க்க முயன்ற மகன் அவர்.

1923ஆம் ஆண்டு இதயநோயும் சிறுநீரக நோயும் அவரைத் தாக்கின. பல மாதங்கள் வேலையின்றி இருந்தார். 1924ஆம் ஆண்டு, சீன நாட்டிலே மறைபரப்புப் பணி செய்த அயர்லாந்துக் குருக்களுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். தாம் பதினெட்டு மாதங்களாக வேலை செய்யவில்லை என்றும், இனி வேலை செய்ய இயலும் என்று நினைக்கவில்லை என்றும் தெரிவித்து, தம் காணிக்கையாக ஒரு பவுணும் தம் சகோதரியின் காணிக்கையாகப் பத்து ஷிலிங்கும் அனுப்பினார். ஒரு காலத்திலே சப்பாத்தை அடகு வைத்துக் குடித்த கைகள், நோயுற்ற காலத்திலும் கொடுக்கும் கைகளாயின. ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை மதித்த ஆண்டவர் இந்த ஒரு பவுணையும் மதித்திருப்பார் என்பதிலே ஐயமில்லை.

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, மூவொரு இறைவன் பெருவிழா. திருப்பலிக்குப் போகும் வழியிலே, கிரான்பி லேன் என்னும் சிறிய வீதியிலே அவர் விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது 69. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட பொழுது அவர் யாரென்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. உடையைக் களைந்த பொழுது, தவமுயற்சிக்காக அவர் உடலிலே அணிந்திருந்த சங்கிலிகள் காணப்பட்டன. அதன் பின்னரே மறைந்திருந்த அந்த வாழ்வு உலகுக்குத் தெரியவந்தது. 1931ஆம் ஆண்டு டப்ளின் உயர் மறைமாவட்டத்திலே அவரைப் பற்றிய விசாரணை ஆரம்பமாயிற்று. 1975ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். டப்ளின் நகரிலுள்ள லூர்து அன்னை ஆலயத்திலே அவருடைய பூதவுடல் வைக்கப்பட்டுள்ளது. குடிக்கு அடிமையானோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் அங்கே வந்து செபிக்கின்றனர்.

அன்பார்ந்த இளைஞர்களே, மரக்கட்டையிலே தலை வைத்துப் படுக்கும்படியோ சங்கிலி அணியும்படியோ திருச்சபை உங்களிடம் கேட்கவில்லை. குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் நாளைய தேவைக்காகச் சேமித்து வைப்பதும் கடமையே. ஆயினும் அவருடைய வாழ்விலே நீங்கள் நாளைக்கே பின்பற்றக்கூடிய சில படிகள் உள்ளன.

முதலாவது, உங்கள் பலவீனத்தை அறிந்துகொள்ளுங்கள். சிலருக்கு அது மது, சிலருக்குப் புதிய கைத்தொலைபேசி, சிலருக்குத் தவணை முறையிலே எடுக்கும் மோட்டார் சைக்கிள், சிலருக்குக் கடனட்டை, சிலருக்கு நண்பர் முன்னிலையிலே தாராளமாகத் தோன்றவேண்டும் என்ற ஆசை. அதை அறிந்தபின், சம்பளத்தைக் கையிலே வைத்துக்கொண்டு மனவுறுதியை நம்பாதீர்கள். சம்பளம் வந்த அன்றே வீட்டுக்குரியதையும் சேமிப்புக்குரியதையும் வேறாக்கி விடுங்கள்.

இரண்டாவது, பட்ட கடன்களை மறைக்காமல் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்பொழுது என்பதைக் கொப்பி ஒன்றிலே எழுதி, உங்களை நேசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். மறைத்து வைத்த கடனே வளரும். மற் டால்பொட் தம் தாயிடம் சொன்ன பின்பே வாக்குறுதி எடுத்தார்.

மூன்றாவது, சிறிய காலத்துக்குத் தீர்மானம் எடுங்கள். மூன்று மாதங்களுக்குப் புதிய கடன் வாங்குவதில்லை என்று தொடங்குங்கள். கடன் அடைக்க மேலும் வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். பிறருடைய கடனுக்குப் பிணை நிற்குமுன், அந்தக் கடனை நீங்களே கட்டவேண்டி வந்தால் உங்கள் வீடு தாங்குமா என்று எண்ணிப் பாருங்கள். கோபுரம் கட்ட விரும்புபவர் முதலிலே அமர்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நமதாண்டவர் உவமையிலே கற்பித்ததை மறவாதீர்கள்.

நான்காவது, சிறிய கடனையும் கடன் என்றே எண்ணுங்கள். பெட்டிக்கடைக் கணக்கும் நண்பனின் கைமாற்றும் எவரும் வழக்குப் போடாத கடன்கள்தாம். ஆனால் கொடுத்தவருக்கும் குடும்பம் உண்டு. அவர் மறந்துவிட்டார் என்பதனால் உங்கள் கடன் தீர்ந்துவிடுவதில்லை. அந்த வயலின்காரர் கண்ணுக்கு எட்டும் தூரத்திலே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கடன்பட்டவர் எல்லோரும் ஊதாரிகளல்லர். போரும் இடப்பெயர்வும், நோயும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் நம்மிடையே எத்தனையோ நேர்மையான குடும்பங்களைக் கடனுக்குள் தள்ளின. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காதீர்கள். தவறிழைத்துக் கடன்பட்ட மகன் என்றோ ஒரு நாள் தலைகுனிந்து வாசலிலே வந்து நின்றால், முதலிலே அவனுக்கு உணவு கொடுங்கள். பழைய கணக்கை அன்றே விரிக்காதீர்கள். எலிசபெத் அம்மையார் அந்தச் சனிக்கிழமை மகனை ஏசி விரட்டியிருந்தால், அவர் மீண்டும் அந்தத் தெருமுனைக்கே போயிருக்கக்கூடும்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்த பின், ஒரு நிமிடம் அமைதியாயிருந்து, நாம் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். தீர்க்கக்கூடியதை இந்த வாரமே தீர்க்கத் தொடங்குவோம். தீர்க்க இயலாததை இறைவன் கையிலே ஒப்படைப்போம். கடன் சுமையால் உறக்கமின்றித் தவிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இறைவன் தெளிந்த அறிவையும் தளராத உறுதியையும், அவமானத்திலே அருகிருந்து தாங்கும் நல்ல உள்ளங்களையும் அருள்வாராக. ஆமென்.